கண்புரையும் பதிவேடும்: டிரைபரனால் மருந்தின் வரலாறு

கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் ஸ்டாட்டின்களின் வெற்றி வரலாறாகவே எழுதப்படுகிறது. அவற்றுக்கு முன் நிகழ்ந்த ஒரு பெருந்தோல்வி பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. ஒரு மருந்தின் தீங்கு எவ்வாறு மறைக்கப்படுகிறது, எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர் அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரத்தத்தில் மிகும் கொலஸ்டிராலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்புண்டு என்ற கருத்து 1950களில் அமெரிக்க மருத்துவ உலகில் வலுப்பெற்றது. எவ்வித நோவும் உணராத ஒருவர் எதிர்கால நோயைத் தவிர்க்க ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ணலாம் என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. அச்சூழலில், சின்சினாட்டி நகரின் வில்லியம் எஸ். மெரெல் நிறுவனம் டிரைபரனால் என்ற மருந்தை எம்இஆர்/29 என்னும் பெயரில் 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கானோர் அதை உட்கொண்டனர்.

உடல் கொலஸ்டிராலைப் பல படிகளில் உருவாக்குகிறது. டிரைபரனால் அவற்றின் கடைசிப் படியைத் தடுத்தது. அதனால் கொலஸ்டிரால் குறைந்தது. ஆனால் அதற்கு முந்தைய பொருளான டெஸ்மோஸ்டிரால் இரத்தத்திலும் திசுக்களிலும் தேங்கியது. மருந்தை உட்கொண்டோர் சிலருக்கு முடி உதிர்ந்தது. தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. கண்களில் புரை படர்ந்தது.

இத்தீங்குகள் நிறுவனத்துக்கு எதிர்பாராதவை அல்ல. விலங்குச் சோதனைகளிலேயே அவற்றின் அறிகுறிகள் தென்பட்டிருந்தன. குரங்குச் சோதனையின் பதிவுகளை மாற்றி எழுதுமாறு ஆய்வக உதவியாளர் ஒருவர் பணிக்கப்பட்டார். மனம் ஒப்பாத அவர் பின்னர் வேலையை விட்டு விலகினார். அவருடைய கணவர் பணிக்குச் செல்லும் வழியில் அச்செய்தியை உடன் பயணித்த ஒருவரிடம் கூறினார். கேட்டவர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர். 1962 ஏப்ரலில் அதிகாரிகள் நிறுவனத்துக்குச் சென்று மூலப் பதிவேடுகளைப் பரிசோதித்தனர். அதே மாதத்தில் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 1964இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 80,000 டாலர் அபராதம் விதித்தது. தாலிடோமைடை அமெரிக்காவில் விற்க அனுமதி கோரியிருந்ததும் இதே நிறுவனம்தான். மருந்தின் பயனையும் சான்றுகளால் நிறுவ வேண்டும் என வலியுறுத்திய கெஃபாவர்–ஹாரிஸ் சட்டத்திருத்தம் 1962 அக்டோபரில் நிறைவேறியபோது, தாலிடோமைடு பற்றிய அச்சமே அதற்கு உடனடி உந்துதலாயிற்று.

டிரைபரனாலின் நிழல் ஸ்டாட்டின்கள் மீதும் நீண்ட காலம் படிந்திருந்தது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் கண்டறிந்த வழி வேறானது. அது கொலஸ்டிரால் உருவாக்கத்தின் தொடக்கப் படிகளில் ஒன்றையே தடுத்தது. அங்கே தேங்கும் பொருளை உடல் எளிதில் கையாள முடியும். ஆயினும், 1987இல் லோவாஸ்டாட்டின் ஒப்புதல் பெற்றபோது, அதை உட்கொள்வோரின் கண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்ற அறிவுரையும் சேர்ந்தே வந்தது. புரை ஏற்படவில்லை என்பது பெரிய ஆய்வுகளில் தெளிவான பின்னரே அது கைவிடப்பட்டது.

எனினும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் அரிய கேடு, செரிவாஸ்டாட்டினை உட்கொண்டோரிடையே பிற ஸ்டாட்டின்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அதிக அளவில் உண்டவர்களும் ஜெம்ஃபைப்ரோசிலுடன் சேர்த்து உண்டவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. 2012இல், இரத்தச் சர்க்கரை சற்று உயரக்கூடும் என்ற எச்சரிக்கை ஸ்டாட்டின்களின் விவரக்குறிப்பில் சேர்க்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு ஸ்டாட்டின்களையே ஒதுக்குவது வரலாற்றைத் தவறாகப் படிப்பதாகும். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதயநோயுள்ள 4,444 பேரிடையே சிம்வாஸ்டாட்டின் இறப்பைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. மறுபுறம், 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்தவர்கள் உணர்ந்த தொல்லைகளில் பெரும்பகுதி வெற்று மாத்திரையை உண்டபோதும் தோன்றியது. தீங்கை மறைப்பதும் பிழை. இல்லாத தீங்கை அஞ்சி, பயன்தரும் மருந்தைக் கைவிடுவதும் பிழை.

இவ்விரண்டிலிருந்தும் காப்பது நேர்மையான பதிவேடு ஒன்றே. நலமாக இருப்பவர் ஆயுள் முழுதும் உண்ணும் மருந்துக்கு அந்த நேர்மை இன்னும் கூடுதலாகத் தேவை. ஏனெனில், அவர் பெறும் நன்மையை அவரால் நேரில் உணர இயலாது. பிறர் எழுதிவைத்த எண்களை நம்பியே அவர் மாத்திரையை விழுங்குகிறார்.