புத்தளக் கரையில் வழி காட்டியோர்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கி, சிவனொளிபாத மலைக்குச் செல்ல விரும்பியபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு வரைபடம் எதனையும் கொடுத்தானல்லன், மனிதரையே கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் உடன் சென்றனர். வழியறிவு அன்று மனிதரின் கால்களில் இருந்தது.

அவ்வறிவைத் தாளுக்கு மாற்றும் பணி, 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஆளுநர் பிரெடரிக் நோர்த் நிறுவிய நில அளவைத் திணைக்களத்தினுடையதாயிற்று. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அத்திணைக்களம் வெளியிட்ட படத்தாள்களில் காட்டுத்தடமும் குளமும் களப்போரமும் இடம்பெற்றன. பிற்காலத்தில் ஜீப் வண்டியில் காடு புகுந்தோர்க்கு இவையே துணையாயின.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், செய்மதிச் சைகையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீற்றரளவில் இருந்த வழு இருபது மீற்றரளவிற்குச் சுருங்கிற்று. பழைய படத்தாளை ஒளிவருடி மடிக்கணினியில் ஏற்றி, செய்மதி வாங்கியை அதனோடு இணைத்தால், வண்டி நகர நகரத் திரையில் ஒரு புள்ளியும் நகரும். வியத்தகு வசதிதான். ஆயின் இங்கே ஓர் இடர் உண்டு. இலங்கைப் படங்கள் நீர்கொழும்பை அடுத்த கந்தவலவை ஆதாரமாகக் கொண்டு, 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோளவுருவின்மீது கணிக்கப்பட்டவை. செய்மதி பயன்படுத்துவதோ வேறோர் உலகப் பொது ஆதாரம். இரண்டையும் பொருத்தும் திருத்தத்தை மென்பொருளில் இடாது விட்டால், புள்ளி இருநூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். பரந்த வெளியில் இது பொருட்டன்று. ஒடுங்கிய மணல்மேடும் உப்புச் சேறும் அடுத்தடுத்துக் கிடக்கும் களப்போரத்திலோ, வண்டி அச்சளவு புதைவதற்கு அதில் பத்திலொரு பங்கு விலகலே போதும். செய்மதியும் பிழை செய்யவில்லை, படமும் பிழை செய்யவில்லை என்பதே இதன் விநோதம்.

திருத்தம் சரியாக இடப்பட்டபோதும் திரை காட்டாதவை இருந்தன. புத்தளத்திற்கு வடக்கேயுள்ள வில்பத்து வனம் போரினால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2003இல் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வனத் தடமொன்றில் கண்ணிவெடியில் சிக்கிய வண்டியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் உடன் சென்றோரும் உயிரிழந்தனர். வனம் மறுபடியும் மூடப்பட்டது. போர் முடிந்தபின், 2010இலேயே அதன் வாயில் திறந்தது.