மன்னார் முத்துப்பார்களும் குத்தகைக் கம்பனியும்: 1906 – 1912

வணிக நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றி பெற்றவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. திட்டம் எவ்வாறு வகுக்கப்படுகின்றது, வகுத்த திட்டம் களத்தில் என்னவாகின்றது என்பதை அறிய விரும்புவோருக்குத் தோல்விகளே கூடுதலாகக் கற்பிக்கின்றன. ஈழத்தில் இதற்குத் தக்க சான்று மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 'இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி' ஆகும்.

கம்பனி வருவதற்கு முன்னரே சலாபத்துக்கு ஓர் ஒழுங்குமுறை இருந்தது. பார்கள் பரிசோதிக்கப்படும், மாதிரிக்கு எடுத்த சில ஆயிரம் சிப்பிகளின் முத்துக்கள் மதிப்பிடப்படும், மதிப்புத் தேறினாலன்றிக் குளிப்பு அறிவிக்கப்படமாட்டாது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில், மறிச்சுக்கட்டியின் வெறும் மணற்கரையில், சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் எழும். கீழக்கரை, தூத்துக்குடிக் குளியாளிகளும் பாரசீக வளைகுடா அராபியரும் கல்லைக் காலிற் கட்டி இறங்குவர். கிடைத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். இவ்வேற்பாட்டின் நுட்பம் கவனத்துக்குரியது. சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்ற ஐயத்தை அரசு ஒருநாளும் தன் தலையில் ஏற்கவில்லை. அதனை ஏலம் எடுத்த வணிகனும், தன் பங்கை விற்றுப் பிழைத்த குளியாளியுமே சுமந்தனர்.

அரசு ஏற்றுக்கொண்டது வேறோர் ஐயத்தை: சிப்பியே இல்லாது போகும் ஆண்டுகளை. 1838 முதல் 1854 வரையும், 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் சலாபம் நடைபெறவில்லை. இம்மூன்று இடைவெளிகள் மட்டும் 38 ஆண்டுகள். ஆயினும் கோப்பியும் தேயிலையும் வரி செலுத்திய நாட்டின் திறைசேரிக்குக் காத்திருக்க முடிந்தது.

மூன்றாவது இடைவெளியே அறிவியலை அழைத்து வந்தது. லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். வேத்தியற் கழகம் 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக அறிக்கையை வெளியிட்டது. பெரியபாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் படிந்தும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைமோதலால் முதிருமுன்பே மறைந்துவிடுகின்றன. அவற்றைச் செவ்வல்பார் போன்ற பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்தால் ஆண்டுதோறும் விளைச்சல் பெறலாம் என்பது அவ்வாய்வின் நடைமுறைச் சாரம். ஒரு கருதுகோள் என்ற அளவில் இது செம்மையானதே. கருதுகோளை வருமானமாகக் கணக்கில் எழுதியபோதுதான் சிக்கல் தொடங்கிற்று.

1903இல் சலாபம் மீண்டது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. வரலாறு காணாத அந்த உச்சத்தை அடுத்தே, 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்குப் பார்கள் கம்பனியின் கைக்கு மாறின. இருபது ஆண்டு வாடகை மொத்தம் 62 இலட்சம். 1905இன் ஒரு பருவ வருமானம் எட்டு ஆண்டு வாடகைக்கு ஈடு என்று பங்குதாரர் மகிழ்ந்திருப்பின் அதிற் பிழை காண்பது எளிதன்று. ஆயினும் வாடகை ஆண்டுதோறும் வருவது. சிப்பி அவ்வாறு வருவதன்று. சராசரி என்பது ஏட்டில் வாழும் எண். தொடர்ந்து பத்தாண்டு வறட்சி வரின், பதினோராம் ஆண்டின் பெருவிளைச்சலைக் காணக் கம்பனி உயிரோடிருக்க வேண்டுமே!

குடியேற்ற அரசு விளைச்சலின் உச்சியில் ஐயத்தை விற்று, நிலையான வருவாயை வாங்கிக்கொண்டது. எண்ணிச் செய்ததோ, வாய்ப்பாய் அமைந்ததோ, இப்பேரத்தில் தேர்ந்த வணிகனாக நடந்தது அரசே என்பது என் கருத்து.

1906, 1907 ஆகிய ஈராண்டுகளிலும் குளிப்பு நடந்தது. முதலாவதில் இளம் குடியியற் சேவை அதிகாரியாகப் பணிபுரிந்த லெனாட் வுல்ஃப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் அம்முகாமை விவரித்துள்ளார். அதன் பின் பார்கள் வெறுமையாயின. கம்பனி திட்டத்தைக் கைவிடவில்லை. அறிவியல் ஆலோசகராகச் சதவெல் என்பாரை அமர்த்தியது. இளஞ்சிப்பிகளைப் பெயர்த்து நட்டது. நட்டவை சலாபத்துக்குரிய விளைச்சலாகவில்லை. திருக்கை மீன்கள் தின்றவை, நீரோட்டம் கொண்டுசென்றவை, மணல் மூடியவை என்ற கணக்கெல்லாம் முன்பே ஹேர்ட்மன் அறிக்கையில் இருந்தவைதாம். ஹோர்னெல் 1908இல் சென்னை மீன்வளத்துறைப் பணிக்குச் சென்றார். 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது.

குளியாளிகளின் நிலை இக்கணக்குகள் எதிலும் தனி வரியாக இடம்பெறுவதில்லை. பங்குதாரரின் இழப்பு பங்கின் மதிப்போடு முடிந்தது. மூன்றிலொரு பங்கை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்கோ வறண்ட ஆண்டு என்பது பங்கே இல்லாத ஆண்டு. மறிச்சுக்கட்டி மணலில் ஓலைக்கொட்டில்கள் எழாத அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர்களுட் பலர் சங்கு குளிப்புக்கும் மீன்பிடிக்கும் திரும்பியிருக்க வேண்டும். அடுத்த சலாபம் 1925இல் நடந்தது. குத்தகை குலையாதிருந்திருப்பின் அதுவே கம்பனியின் இறுதி ஆண்டாகவும் இருந்திருக்கும்.