பழனி மலையின் இரண்டு பாடும் பறவைகள்

சித்தையன்கோட்டை வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் சுவர் போல உயர்ந்து தெரியும். அந்த மலையின் மேல், கொடைக்கானலைச் சுற்றியுள்ள சோலைக்காடுகளில், சமவெளியில் காணவே முடியாத இரண்டு பாடும் பறவைகள் வாழ்கின்றன. ஒன்று பழனி சிரிப்பான். மற்றொன்று வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் இவற்றின் வரலாறு ஏறக்குறைய ஒன்றே.

கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் கிளி என்பார்கள். சோலைக்கிளி சுமார் 15 செ.மீ. நீளமுள்ள கருநீலப் பறவை. வயிறு வெள்ளை. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. அடர்ந்த சோலையின் இருண்ட தரையில் தனியாகவோ இணையாகவோ பூச்சி தேடும். சீழ்க்கை அடிப்பது போல இனிமையாகப் பாடும்.

சிரிப்பான் சுமார் 20 செ.மீ. நீளம். வெள்ளைப் புருவம், சாம்பல் நிற மார்பு, செம்பழுப்பு வயிறு. சிறு கூட்டமாகப் புதர்களில் திரிந்து பழங்களையும் பூச்சிகளையும் தின்னும். கூட்டமாகச் சிரிப்பது போன்ற ஒலியால் வந்த பெயர் இது. காட்டின் ஓரங்களுக்கும் தோட்டங்களுக்கும்கூட வரும். சோலைக்கிளிக்கு அடர்ந்த நிழல் வேண்டும்.

இரண்டையும் அறிவியல் உலகிற்குக் கொண்டு சென்றவர் ஒருவரே. அகமதுநகரில் பணியாற்றிய அமெரிக்க மதபோதகர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க், 1860-களில் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த வில்லியம் பிளான்ஃபோர்ட் அவற்றை ஆராய்ந்து சோலைக்கிளியை 1868-இலும், சிரிப்பானை 1869-இலும் விவரித்தார். சிரிப்பானின் அறிவியல் பெயரில் 'ஃபேர்பேங்கி' என்ற சொல் இன்றும் உள்ளது.

அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகள் குழப்பம்தான்! தோற்றத்தை வைத்து, இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் பறவைகளோடு இவற்றைச் சேர்த்தனர். பேரினப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2017-இல் வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்தபோது, இரண்டு குழுக்களுமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரிய தனிக் கிளைகள் என்பது தெரிந்தது. சோலைக்கிளிக்கு 'ஷோலிகோலா', சிரிப்பானுக்கு 'மான்டெசின்க்லா' என்று புதிய பேரினங்கள் உருவாயின. 'ஷோலிகோலா' என்பதில் நம் 'சோலை' இருப்பது குறிப்பிடத்தக்கது.

உறவில்லாத இரண்டு பறவைகளுக்கு ஒரே கதை எப்படி வந்தது? காரணம் மலைதான். குளிர்ந்த மலையுச்சிகள் தீவுகள் போன்றவை. வெப்பமான சமவெளி அவற்றைச் சூழ்ந்த கடல். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இரண்டுக்கும் வேறு இனங்கள் உண்டு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயும் அப்படியே. கணவாயைக் கடக்க முடியாமல் பிரிந்தவை காலப்போக்கில் வேறு இனங்களாயின.

இப்போது அந்தத் தீவும் சுருங்குகிறது. பழனி மலையில் சுமார் 40 ஆண்டுகளில் புல்வெளி 66 சதவீதமும் சோலை 31 சதவீதமும் குறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் தெரிவித்தது. அந்த இடங்களில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களும் விவசாயமும் பரவின. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது ஓர் ஆறுதல். மேலே சோலை அழிந்தால் இந்தப் பறவைகளால் கீழே இறங்கி வந்து வாழ முடியாது.