கடைசி வரிசைக்காக வந்த திரை

இப்போது நமது பக்கத்தில் ஒரு பரிசளிப்பு விழா, கலை நிகழ்ச்சி, கிரிக்கெட் இறுதிப் போட்டி என்று எது வந்தாலும், பந்தல்காரரோடு பேசுவதற்கு முன்பே "எல்.ஈ.டி திரை எத்தனை அடி?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பாலமுனையில் மட்டுமல்ல, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை எல்லாம் இதே கதைதான். கலியாண மண்டபத்திலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி ஓடுகிறது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்தத் திரை முதலில் யாருக்காக வந்தது என்று தேடிப் பார்த்தோம். படித்ததைப் பகிர்ந்துகொள்கிறோம்.

நமது மூத்தவர்கள் பாடகரைக் காதால் அறிந்தவர்கள். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் வானொலியில் வந்தால் தெருவே கேட்டது. முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒலிபெருக்கி வந்த பிறகு குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோக முடிந்தது. முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. 100 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு மேடையில் நிற்கும் மனிதர் சுண்டுவிரல் நகம் அளவுதான்.

அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி 1939இல் சுவிற்சர்லாந்தில் தொடங்கியது. சூரிச் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த பிரிட்ஸ் பிஷர் என்ற பேராசிரியர் 'ஐடோஃபோர்' என்ற கருவியை வடிவமைத்தார். அதில் ஒரு கண்ணாடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். இலத்திரன் கற்றை அந்த எண்ணெயைத் தொட்டு நுண்ணிய சுருக்கங்களை உண்டாக்கும். பலமான விளக்கின் ஒளி அந்தச் சுருக்கங்களில் வளைந்து போய்த் திரையில் படமாக விழும். எண்ணெய்மேல் படம் வரைந்த மனிதர்! பின்னாளில் நாசா தன் கட்டுப்பாட்டு அறையிலும் இதைப் பயன்படுத்தியது. ஆனால் இது இருட்டில் வேலை செய்யும் கருவி. திறந்த மைதானத்தில், பகல் வெளிச்சத்தில் உதவாது.

1975இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் லெட் செப்பலின் குழு பாடியபோது மேடைக்கு மேலே ஒரு பெரிய வீடியோத் திரை இருந்தது. தூரத்தில் இருந்தவர்களுக்குப் பாடகரின் முகத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. வெயிலிலும் தெரியும் திரை 1980இல் வந்தது. மிட்சுபிஷி கொம்பனி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர் மைதானத்தில் அதை நிறுவியது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்னப் படக்குழாய் என்று ஆயிரக்கணக்கில் அடுக்கிச் செய்த திரை அது. 1985இல் ஜப்பானின் சுகுபா கண்காட்சியில் சோனி 40 மீற்றர் அகலம், 25 மீற்றர் உயரத்தில் 'ஜம்போட்ரோன்' வைத்தது. நமது நாட்டில் ரூபவாஹினி தொடங்கி அப்போது மூன்று வருடங்கள்தான்.

ஆனால் இவையெல்லாம் பாரம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஏற்றி இறக்குவது பெரும்பாடு. பாரத்தைக் குறைக்க எல்.ஈ.டி தேவைப்பட்டது, அதற்கு நீல நிறம் தேவைப்பட்டது. சிவப்பு எல்.ஈ.டி 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு இன்னும் 30 வருடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993இல் ஜப்பானில் ஷுஜி நகமுரா அதைச் செய்து காட்டினார். அவருக்கும், அதற்கு முன்பே பாதை போட்ட அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பும் பச்சையும் நீலமும் சேர்ந்தால்தானே எல்லா நிறமும் வரும்.

நான்கே வருடங்களில், 1997இல், யூ2 என்ற அயர்லாந்துக் குழு சுமார் 50 மீற்றர் அகல எல்.ஈ.டி திரையோடு நாடு நாடாகச் சுற்றியது. எங்கள் பார்வையில் கதை திரும்பிய இடம் இதுதான். அதுவரை பாடகரைக் காட்டுவதற்குத் திரை. அதன் பிறகு திரையே காட்சி. பாடகர் அதன் முன்னால் ஒரு புள்ளி. 2023இல் லாஸ் வேகாஸில் திறந்த 'ஸ்ஃபியர்' அரங்கில் உள்சுவரே திரை. நமது ஊருக்கு வந்து சேர்ந்ததும் இந்த இரண்டாவது வகைதான். மேடைக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் இருக்கும் அதிதிகளுக்கு முன்னால் அது நிற்கிறது.

கொஞ்சம் கணக்கு. வாடகைக்கு வரும் பலகை ஒன்று பெரும்பாலும் 50 சென்ரிமீற்றர் சதுரம். 'பி 3.9' என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 3.9 மில்லிமீற்றர். ஒரு பலகையில் 128 தர 128 புள்ளிகள். 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரத் திரைக்கு 48 பலகைகள், மொத்தம் 786,432 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம் என்றால் 23 இலட்சத்துக்கும் மேல் விளக்குகள். மில்லிமீற்றர் எத்தனையோ, குறைந்தது அத்தனை மீற்றர் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது தொழில்காரர்களின் கணக்கு. அதாவது முதல் வரிசைக்காரருக்கு இது சரியாகத் தெரியவும் மாட்டாது! (ஒலி ஒரு செக்கனுக்கு சுமார் 340 மீற்றர்தான் போகும். 100 மீற்றர் தள்ளி நிற்பவருக்குத் திரையில் உதடு அசைந்து கிட்டத்தட்ட 0.3 செக்கன் கழித்துத்தான் மேடை ஒலிபெருக்கியின் சத்தம் வரும். மாணவர்களுக்கு நல்ல உதாரணம்.)

தூரத்தில் நிற்பவரை மறந்தால் என்ன ஆகும்? 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. கட்டணம் கட்டியவர்களுக்கு ஆசனங்கள், மற்றவர்களுக்கு இலவசப் பகுதி. கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னால் வந்தது. நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முகம் பார்க்க வந்தவன் முகம் தெரியாத இடத்தில் நெடுநேரம் நிற்க மாட்டான்.

நமது ஊரில் கடைசி வரிசை யார்? பெண்கள். பெண்கள் பகுதி பெரும்பாலும் பக்கவாட்டில், அல்லது பின்னால், ஒரு மறைப்புக்கு அப்பால். அவர்கள் தடுப்பைத் தாண்டி வருவதில்லை, முறைப்பாடு செய்வதும் இல்லை. அதனால் யாருக்கும் அது பிரச்சினையாகத் தெரிவதில்லை. ஒலிபெருக்கியில் மகளின் பெயர் கேட்கும். அவள் மேடையேறிச் சான்றிதழ் வாங்குவதை உம்மா பார்ப்பது இரவில், வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால். அதே நேரம் மேடைக்குப் பின்னால் 48 பலகைகளில் அனுசரணையாளரின் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழில் மறைக்கும் சீலைக்கும் திரை என்றுதான் பெயர், காட்டும் கருவிக்கும் திரை என்றுதான் பெயர். முதலாவதைக் கட்ட நாம் மறப்பதே இல்லை.

இதற்குப் பெரிதாகச் செலவும் கூடாது. அந்த 48 பலகைகளை இரண்டாகப் பிரித்தால் 3 மீற்றருக்கு 2 மீற்றர் அளவில் இரண்டு திரைகள், ஒவ்வொன்றுக்கும் 24 பலகைகள். ஒன்று மேடைப் பக்கம், ஒன்று பெண்கள் பகுதியில். கூடுதலாக வேண்டியது கொஞ்சம் நீளமான கேபிள், இன்னொரு தாங்கி, மேடையை நோக்கித் திருப்பி வைத்த ஒரு கமெரா. அடுத்த விழாக்குழுக் கூட்டத்தில் திரையின் அளவைப் பேசும்போது, அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பேசுங்கள். கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பதிவைக் காட்டலாம்.