மாதவிடாய் ஓய்வும் ஓமோன் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

மாதவிடாய் ஓய்வைப் பருவமாற்றமாகக் கொள்ளாது குறைபாட்டு நோயெனக் கொண்ட கருத்தை, 1966இல் வெளிவந்த தம் நூலால் ஐக்கிய அமெரிக்காவிற் பரப்பியவர் மருத்துவர் றொபேட் வில்சன். ஈஸ்திரசனைத் தனித்து வழங்குதல் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயை மிகுவிப்பது 1975இற் புலனாயிற்று. எனவே, கருப்பையுடைய பெண்களுக்குப் புரோசெஸ்திரோன் வகை மருந்தும் உடன்சேர்க்கப்பட்டது.

அக்கூட்டு மருந்தே பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. 16,608 பெண்கள் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வு 2002இல் இடைநிறுத்தப்பட்டது. ஆண்டொன்றிற் பதினாயிரவருள் மார்புப் புற்றுநோயுற்றோர், மருந்துண்ணாதாரிடை 30, உண்டாரிடை 38. விகிதத்தால் இது நான்கிலொரு பங்கு உயர்வு, எண்ணிக்கையால் எண்மர். கருப்பை அகற்றப்பெற்று ஈஸ்திரசன் மட்டும் உண்டாரிடை இவ்வுயர்வு காணப்படவில்லை.

ஆதலின் யட்டவத்தைப் பெண்ணொருத்தி மருத்துவரிடம் வினவத்தக்கது, மருந்து நன்றோ தீதோ என்பதன்று. எம்மருந்து, எத்துணைக் காலம், தன் உடல்நிலைக்கு ஏற்குமா என்பதேயாம்.