பெத்ரோ மான்சியும் கோவைக் கால்பந்தும்

பெத்ரோ மான்சி, சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2018-19 ஆம் ஆண்டு ஐ-லீக் பட்டத்தை வெல்லக் காரணமாயிருந்த முன்கள ஆட்டக்காரர். அவர் கோவையை விட்டு ஜப்பானியக் கழகமொன்றிற்குச் சென்றது, ஒரு நட்சத்திர வீரர் கழகம் மாறுவதன் நன்மை தீமைகளை எடுத்துக்காட்டும் நிகழ்வாகும்.

கோவையில் கிடைத்த பட்டம்

பெயரில் சென்னை இருந்தாலும், 2017-18 பருவம் முதல் இக்கழகத்தின் சொந்தத் திடல் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கமே. உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ்நிலைக் கழகங்களில் ஆடிவந்த மான்சியை 2018இல் கழகம் அழைத்து வந்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் மூன்று கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 21. சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையைப் பெற்றார்.

2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் அணியுடன் கடைசி ஆட்டம் நடைபெற்றது. முதலில் பின்தங்கிய சென்னை சிட்டி, மான்சியின் பெனால்டி கோலாலும் கௌரவ் போராவின் இரு கோல்களாலும் 3-1 என வென்றது. மொத்தம் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழகக் கழகம் இதுவே. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ்.

வீரர்கள் பிரிதல்

வெற்றி பெற்ற அணிக்கு மேலே செல்ல வழி இல்லை. அக்காலத்தில் ஐ-லீக் வாகையர் இந்தியன் சூப்பர் லீக்கிற்கு உயர்த்தப்படவில்லை. அம்முறை 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே கழகம் உயராவிட்டாலும் வீரர்கள் தனித்தனியே உயர்ந்தனர். எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019இல் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ ஜேசுராஜ் 2020இல் எஃப்.சி. கோவாவுக்கும் சென்றனர்.

நெஸ்டர் கொர்டியோ ஐதராபாத் எஃப்.சி.க்குச் சென்றது வழக்கானது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே அவர் வேறிடத்தில் உடன்பட்டார் என்று சென்னை சிட்டி முறையிட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதம் ஆடத் தடை விதித்தது.

மான்சியின் மாற்றம் அவ்வாறு வழக்காகவில்லை. 2020 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, ஜப்பானின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அல்பிரெக்ஸ் நீகாட்டா கழகத்தில் அவர் சேர்ந்தார்.

உரிமையும் கட்டுப்பாடும்

ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய கழகத்தில் சேரலாம் என்ற உரிமை ஐரோப்பாவில் 1995 டிசம்பர் 15 அன்று வெளியான போஸ்மான் தீர்ப்பால் உறுதியானது. அதற்கு முன், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய கழகம் மாற்றுத் தொகை கேட்க முடிந்தது. ஒப்பந்தக் காலம் முடியாத வீரர் கழகம் மாற இன்றும் பழைய கழகத்தின் இசைவு வேண்டும். மான்சிக்கும் கொர்டியோவுக்கும் இருந்த வேறுபாடு இதுவே.

விளைவு

ஒரு கால்பந்து வீரரின் ஆட்டக்காலம் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. கிடைக்கும் நல்ல வாய்ப்பை அவர் ஏற்பதில் குறை காண இயலாது. ஆனால் இழப்பு ஊருக்குத்தான். கொரோனாவால் 2019-20 பருவம் பாதியில் நின்றது; மோகன் பாகன் வாகையராக அறிவிக்கப்பட்டது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இடம்பெறவில்லை. பட்டம் வென்று மூன்றே ஆண்டுகளில் கோவை அத்திடலில் தேசிய லீக் ஆட்டங்களை இழந்தது. வெளியூர் நட்சத்திரங்கள் வருவர், போவர். உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்தும் பயிற்சி மையங்களிலிருந்தும் வீரர்கள் தொடர்ந்து உருவானால்தான் ஒரு கழகம் அப்பிரிவைத் தாங்கும்.