கடலில் வீழ்ந்த விமானிகளின் கை வானொலி

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் தரும் பெட்டியே நம் நினைவுக்கு வருகிறது. பாடவும் பேசவும் அறியாத ஒரு வானொலிப் பெட்டியைத் தேடித் தேடிச் சேர்ப்போர் மேனாடுகளில் உளர். அதன் வரலாறு நம் சங்கத்துக் குடும்பத்தார் அறியத் தக்கது.

இரண்டாம் உலகப் போரில் விமானம் கடலில் வீழ்ந்தபோது, ரப்பர்த் தெப்பத்தில் ஏறி உயிர் தப்பிய விமானிகள் பலர். ஆயினும் பரந்த கடலில் தெப்பம் ஒரு சிறு புள்ளி. தேடி வருவோர் கண்ணுக்கு எளிதில் படாது. இதற்கு வழி கண்டவர் ஜெர்மானியர். தெப்பத்திலிருந்தே அபாயக்குறி அனுப்பும் சிறு கருவியொன்றை அவர்கள் செய்தனர். 1941-இல் அஃது ஆங்கிலேயர் கையில் சிக்கிற்று. அதைப் பார்த்து அவர்கள் தமக்கொன்று செய்துகொண்டனர். மற்றொன்று அமெரிக்காவுக்குச் சென்றது. கொல்லும் கருவிகளையே ஒருவர்க்கொருவர் களவாடிய அப்போரில் உயிர் காக்கும் கருவியும் களவு போயிற்று என்பது நமக்குச் சற்று ஆறுதலே.

அமெரிக்கர் செய்ததற்கு எஸ்.சி.ஆர். 578 என்று பெயர். மஞ்சள் நிறம், தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்ள வாய்ப்பாக இடை சிறுத்த வடிவம். ஓவியர் சார்லஸ் டானா கிப்ஸன் வரைந்த மெல்லிடை மங்கையரை நினைந்து, படையினர் அதனைக் 'கிப்ஸன் கேர்ள்' என்றே அழைத்தனர். மின்கலம் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் ஜெனரேட்டர் மின்சாரம் தரும். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற அபாயக்குறி தானே செல்லும். பின்னர் நீண்டதோர் ஒலி. அதைப் பற்றிக்கொண்டு திசையறியும் கருவியுடையோர் வந்து சேர்வர். நம் ரயில் நிலையங்களில் மோர்ஸ் தந்தி வழங்கிய நாளில் அதைக் கற்கப் பல மாதம் பிடித்தது என்பர் மூத்தோர். இங்கோ கைவலிமையே போதும்!

குறி சென்றது 500 கிலோஹெர்ட்ஸில். ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 வரையும், கப்பல் வானொலியாளர் அவ்வலையில் தாம் பேசாது செவிமடுத்திருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏறக்குறைய 300 அடி நீளமுள்ள கம்பியைப் பெட்டிப் பட்டமொன்று வானில் தூக்கிப் பிடிக்கும். காற்று வீசாத நாளில் ஹைட்ரஜன் பலூன் அவ்வேலையைச் செய்யும்.

1999 பிப்ரவரி 1-ஆம் நாள் கப்பல்களின் புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500-க்குச் செவிகொடுக்கும் கட்டாயமும் நீங்கிற்று. இன்று விமானங்களின் அபாயக்குறி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செல்கிறது.

இக்கருவியைச் சேர்ப்போர்க்குப் பெட்டி மட்டும் கிடைப்பது எளிது. பட்டம், பலூன், கம்பிச்சுருள், பை யாவும் ஒருங்கே கிடைப்பது அரிது. போருக்குப் பின் மிச்சச் சரக்காக விற்கப்பட்ட பட்டங்களைப் பலர் வாங்கி விளையாட்டாய்ப் பறக்கவிட்டுக் கிழித்துவிட்டனர். கிடைத்த பெட்டிக்குப் புது வண்ணம் பூசி அழகு பார்ப்போரும் உண்டு. பழைய எழுத்துக்களை மறைக்கும் அவ்வேலை நமக்கு உடன்பாடன்று. கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் வான்கம்பியை இணைத்தல் கூடாது. பொய்யான அபாயக்குறியை வானில் விடுவது குற்றம்.